சூடு தாங்கக் கற்ற கார்கள்: டியர்பார்ன் முதல் பௌலிங் கிரீன் வரை

முதல் நாள்: டியர்பார்ன், மிச்சிகன்

டெட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து இருபது நிமிடத்தில் டியர்பார்ன் வந்துவிடும். ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் ஒரே கூரையின் கீழ் ஒரு சின்ன ஊர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. ரயில் இன்ஜின்களையும் விமானங்களையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு நேராகக் கார்களிடம் போய்விடுவது நல்லது.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு காரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகிறோம். இந்த வேகத்தை எத்தனை முறை திரும்பத் திரும்பத் தர முடியும்? 1960களின் அமெரிக்கக் கார்களுக்குக் குதிரைத்திறன் பஞ்சம் இருந்ததில்லை. அந்தத் திறன் கூடவே கொண்டுவந்த சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

முதலில் ஃபோர்டின் வெள்ளை நிறத் திறந்த கூரை மஸ்டாங். அதன் வரிசை எண் 5எஃப்08எஃப்100001. 5 என்றால் 1965 மாடல், எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை, 08 திறந்த கூரை, அடுத்த எஃப் 260 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், 100001 என்றால் முதல் வண்டி. பழைய மஸ்டாங் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஐந்தாவது எழுத்தைத்தான். அங்கே 'கே' இருந்தால் 271 குதிரைத்திறன் தரும் 289 கன அங்குல இன்ஜின், விலையும் எகிறும். சாதாரண வண்டியில் 289-ஐ ஏற்றிவிட்டுக் 'கே' என்று விற்பவர்கள் உண்டு. ஆகவே முன் ஃபெண்டரின் உள்தகட்டில் அடித்திருக்கும் எண்ணையும் ஓட்டுநர் கதவுத் தகட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

இந்த முதல் மஸ்டாங்கின் 260 இன்ஜினுக்கு அன்று எழுதப்பட்ட திறன் 164. அன்றைய வி8 மஸ்டாங்குகளுக்கு அடிப்படையாக வந்தது நான்கு சக்கரத்திலும் 10 அங்குல டிரம் பிரேக். டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். முதல் தடவை அழுத்தினால் வண்டி ஒழுங்காக நிற்கும், நான்காவது தடவை பெடல் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். 1965இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கூடுதல் விலையில் கிடைத்தது. இன்று அந்த வண்டிகளைச் சாலையில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மாற்றுவதும் இதைத்தான். அது சரியான முடிவும்கூட.

பந்தயப் பிரிவில் 1967இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற சிவப்பு ஃபோர்டு மார்க் 4 நிற்கிறது. டான் கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் ஓட்டியது, 427 கன அங்குலம், சுமார் 500 குதிரைத்திறன். இதன் முன்னால் நின்று இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். பிரேக்குக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். லெ மானின் முல்சான் நேர்ச்சாலையில் மணிக்கு 330 கி.மீ.க்கு மேல் வந்து, அதன் முடிவில் இருக்கும் கூர்மையான வளைவுக்காக வேகத்தை அடியோடு குறைக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று இப்படிச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வார்ப்பிரும்பு டிஸ்க் விரிசல் விட்டது. அதைத் தடுக்க வழியில்லை என்று கண்டதும், பந்தய நடுவே பழுதுபார்க்க நிறுத்தும் பிட்டில் சட்டென்று கழற்றி மாட்டும் டிஸ்க்கை ஃபோர்டு அணிக்காக உழைத்த பொறியாளர் ஃபில் ரெமிங்டன் உருவாக்கினார். அந்தக் காலத்தில் சூட்டுக்கு இருந்த மருந்து, வெந்துபோன பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுவதுதான்.

மஸ்டாங்கின் வளர்ச்சியைப் பின்சக்கரங்களில் படிக்கலாம். 1978 வரை ஒற்றை ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும். 1979இல் சுருள் ஸ்பிரிங் வந்தது, ஆக்சில் அப்படியே நீடித்தது. 1999 முதல் 2004 வரை கோப்ரா வகைக்கு மட்டும் தனித்தனிப் பின்சக்கர சஸ்பென்ஷன் கிடைத்தது. எல்லா மஸ்டாங்குக்கும் அது வந்துசேர 2015 ஆயிற்று. ஒற்றை ஆக்சிலில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். வளைவில் அந்த நேரம் பார்த்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் துள்ளும். நேர்க்கோட்டில் ஓடும் கால் மைல் பந்தயத்துக்கு அதே ஆக்சில் உறுதியானது, மலிவானது. இத்தனை ஆண்டு அதை விடாமல் வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள்: உட்வர்ட் அவென்யூ

டெட்ராய்ட் ஆற்றங்கரையிலிருந்து பான்டியாக் நகரம் வரை போகும் சாலை உட்வர்ட். அதிகாரப்பூர்வப் பெயர் எம்-1. ஆறாம் மைல், ஏழாம் மைல் சாலைகளுக்கு இடையே 1909இல் கான்கிரீட் போட்டார்கள். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை இங்கே பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது, 1995 முதல். அந்த வாரம் வருவதானால் ராயல் ஓக், பர்மிங்ஹாம் பகுதியில் காலையிலேயே இடம் பிடித்து நடந்து பார்க்க வேண்டும். காரில் போனால் முன்னால் நிற்கும் வண்டியின் பம்பரைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ராயல் ஓக்கில்தான் ஏஸ் வில்சனின் ராயல் பான்டியாக் விற்பனையகம் இருந்தது. 1964இல் பான்டியாக் கார் நிறுவனம் தன் நடுத்தரக் காரில் பெரிய காரின் 389 கன அங்குல இன்ஜினை வைத்து ஜி.டி.ஓ. என்று கொடுத்தது. நடுத்தரக் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்பது பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. அதனால் தனி மாடலாக இல்லாமல், கூடுதல் விலைக்குச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாக பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு அதை நுழைத்தது. 325 குதிரைத்திறன்; மூன்று கார்புரேட்டருடன் 348. பிரேக்கோ நான்கு பக்கமும் 9.5 அங்குல டிரம். 348 குதிரையை இழுத்துப் பிடிக்க அது போதவே போதாது.

ராயல் கடையில் இந்த வண்டிக்கு 'பாப்கேட்' என்ற வேலை செய்து கொடுத்தார்கள். அதன் பட்டியலைப் பார்த்தால் அந்தக் காலத்து மெக்கானிக் அறிவு முழுவதும் தெரியும். மெல்லிய ஹெட் கேஸ்கட் போட்டுக் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவை, கூட்டுவது. கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட். டிஸ்ட்ரிபியூட்டரில் லேசான ஸ்பிரிங் மாட்டி ஸ்பார்க் முன்கூட்டியே வரச் செய்வது. இன்ஜின் வேகமாகச் சுழலும்போது வால்வு மூடாமல் மிதப்பதைத் தடுக்க லிஃப்டரைச் சரிசெய்து நட்டைப் பூட்டுவது. கடைசியாக, இன்டேக் அடியில் போகும் சூடான புகைவழியைத் தகட்டுக் கேஸ்கட்டால் அடைப்பது.

அந்தக் கடைசி வேலைதான் நம் கேள்விக்கு நெருக்கமானது. குளிர்காலத்தில் பெட்ரோல் ஆவியாக உதவட்டும் என்று எக்ஸாஸ்ட் புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் ஓடவிட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் அதே சூடு காற்றை விரியச் செய்து திறனைத் தின்றது. வழியை அடைத்தால் திறன் திரும்பி வரும். ஆனால் மிச்சிகன் ஜனவரியில் வண்டி பத்து நிமிடம் இருமிக்கொண்டே நிற்கும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டையும் பார்த்துக்கொள்ள அன்று கணினி இல்லை.

அந்த வகை இன்ஜினை இன்று வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி புதியதற்கு 0.019 அங்குலம், ஓடியதற்கு 0.016; பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீட்டரில் 30 பாகை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் உள்ள ஜன்னலைத் தூக்கி, இன்ஜின் ஓடும்போதே கால் அங்குலத்தில் பாதி அளவு ஆலன் சாவியால் திருப்பலாம். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் வரை எத்தனால். அது சீக்கிரம் கொதிக்கிறது, பழைய ரப்பர் குழாயையும் அரிக்கிறது. ஊர்வல நாளில் சாலையோரம் பானட்டைத் திறந்துவைத்து நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த ஸ்பேசர் போட்டு, குழாயை எத்தனால் தாங்குவதாக மாற்றி, பெட்ரோல் லைனை எக்ஸாஸ்டை விட்டு விலக்கிக் கட்டினால் சரியாகிவிடும்.

இதே சாலையில் காதில் விழும் இன்னொரு பேச்சு, "அந்தக் காலத்துக் குதிரைத்திறன் இன்று வருமா?" என்பது. 1971 வரை விளம்பரத்தில் வந்த எண், ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் மேடையில் ஓட்டி அளந்தது. 1972 மாடலிலிருந்து காரில் உள்ளபடி எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்ணையும் கொடுத்தது. அதன் செவர்லே கார்வெட்டின் எல்டி-1 இன்ஜினுக்குப் பழைய முறையில் 330, புதிய முறையில் 275. அதாவது ஒரே இன்ஜின், 55 குதிரை வெறும் கணக்கில் போயிற்று. 1970இல் அதற்கு 370 என்று எழுதியிருந்தது. அங்கிருந்து 330க்கு இறங்கியது மட்டும் உண்மையான இழப்பு. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரெஷனை 11-லிருந்து 9-க்கு இறக்கியதால் வந்தது. பழைய காரையும் புதிய காரையும் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கழிக்காமல் பேசினால் கணக்கு தவறும்.

மூன்றாம் நாள்: ஃபிளின்ட், லான்சிங்

ஃபிளின்ட்டில்தான் 1953 ஜூன் 30 அன்று முதல் கார்வெட் வெளிவந்தது. அந்த ஆண்டு 300 வண்டிகள், எல்லாம் கையால் கட்டியவை. ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். பார்க்க அழகு, ஓட்டச் சுமார். 1955இல் 265 கன அங்குல வி8 வந்ததும்தான் கார்வெட் பிழைத்தது. 1957இல் ரோச்செஸ்டர் இயந்திர முறை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுடன் 283 கன அங்குலத்துக்கு 283 குதிரைத்திறன். நல்ல யோசனைதான். ஆனால் நுண்துளை அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. பல வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரே மாட்டினார்கள். 1965உடன் அது முடிந்தது.

ஃபிளின்ட் ப்யூயிக்கின் ஊரும்கூட. எங்கள் பார்வையில் இன்றைய அமெரிக்க வேகக் காரின் நேரடித் தாத்தா ஜி.டி.ஓ. அல்ல, ப்யூயிக்கின் 3.8 லிட்டர் டர்போ வி6 (எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜின்). 1978இல் அதற்கு நாக் சென்சார் வந்தது. பிளாக்கில் திருகிய ஒரு சின்ன ஒலிவாங்கி அது. சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகவே வெடிக்கும் தட்டல் ஒலியைக் கேட்டதும் ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். அதுவரை மெக்கானிக்கின் காது செய்த வேலை. 1984இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனும், டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத இக்னிஷனும் சேர்ந்து 200 குதிரைத்திறன். 1986இல் இன்டர்கூலர் சேர்ந்தது, 235 ஆயிற்று. டர்போவிலிருந்து சூடாக வரும் காற்றைக் குளிர்விப்பது எவ்வளவு மதிப்புள்ளது என்று இந்த ஒரு படியே சொல்லும். 1987இல் 245, அதே ஆண்டின் ஜிஎன்எக்ஸ், 547 வண்டி மட்டும், 276.

இந்த டர்போ ப்யூயிக்கை வாங்குகிறவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றே. பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கூட்டுவார்கள், பெட்ரோல் பம்ப்பைத் தொட மாட்டார்கள். காற்று கூடி எரிபொருள் கூடாவிட்டால் கலவை வறண்டு, சூடேறித் தட்டத் தொடங்கி, ஹெட் கேஸ்கட் போகும். முதலில் பம்ப், இன்ஜெக்டர். பிறகு நாக் எவ்வளவு என்று காட்டும் கருவி. பூஸ்ட் கடைசியில்தான்.

இதே காலத்தில் 5.0 லிட்டர் மஸ்டாங்கிலும் கணினி வழி சிலிண்டர்தோறும் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்தது, 1986இல். அந்தக் கணினி காற்றை நேரடியாக அளக்கவில்லை. இன்டேக்கின் வெற்றிட அழுத்தத்தை வைத்து ஊகித்தது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றினால் வெற்றிடம் மாறும், ஊகம் தவறும், வண்டி ஐடிலில் நடுங்கும். 1988இல் கலிஃபோர்னியாவுக்கும் 1989இல் எல்லா இடத்துக்கும் காற்றின் நிறையை அளக்கும் சென்சார் வந்தது. 5.0 வாங்கும்போது ஏர் ஃபில்டருக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவில் அந்தச் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றங்கள் செய்ய நினைத்தால் அது உள்ள வண்டியே வேண்டும்.

அங்கிருந்து ஐ-69 பிடித்தால் ஒரு மணி நேரத்தில் லான்சிங். இங்குள்ள கிராண்ட் ரிவர் ஆலையில்தான் 668 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவலோடு கேடிலாக் சிடி5-வி பிளாக்விங் செய்கிறார்கள். அதன் ஷாக் அப்சார்பர் எண்ணெயில் இரும்புத் துகள் கலந்திருக்கிறது. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் துகள்கள் கோத்துக்கொண்டு எண்ணெய் கெட்டிப்படும், மில்லிவினாடிகளில். 2002இல் கேடிலாக்கில் தொடங்கி 2003இல் கார்வெட்டுக்கு வந்த நுட்பம் இது. மென்மை வேண்டுமா, பிடிப்பு வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை இதனால் பெருமளவு போயிற்று.

நான்காம் நாள்: ஆபர்ன், இண்டியானாபொலிஸ்

ஐ-69இல் தெற்கே இறங்கி இண்டியானாவின் ஆபர்ன். ஆபர்ன் கார் நிறுவனத்தின் பழைய காட்சிக்கூடமே இப்போது அருங்காட்சியகம். 1928இல் அறிமுகமான டியூசன்பெர்க் ஜே: எட்டு சிலிண்டர் வரிசையாக, இரட்டை கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு, 265 குதிரைத்திறன். 1932இல் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் சேர்த்த எஸ்ஜே, 320 குதிரைத்திறன். வடிவமைப்பு இன்றைய இன்ஜின் போலவே இருக்கிறதே, பிறகு எது வளர்ந்தது என்ற கேள்வி இங்கே தானாக வரும்.

விடை பெட்ரோலிலும் காற்றின் சூட்டிலும் இருக்கிறது. அன்றைய பெட்ரோலுக்கு டியூசன்பெர்க்கின் கம்ப்ரெஷன் 5-க்குச் சற்று மேல்தான் தாங்கியது. 1970இன் செவர்லே செவெல் காரின் எல்எஸ்6 இன்ஜின், 454 கன அங்குலத்தில் 11.25 வைத்தது, ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோலின் தயவில். 2014 கார்வெட்டின் எல்டி1 இன்ஜினோ ஈயமில்லாத பெட்ரோலில் 11.5 வைத்து 460 குதிரைத்திறன் தருகிறது. பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சுவதால் அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. மிச்சத்தை நாக் சென்சார் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்கப் பம்ப்பில் எழுதியிருக்கும் 91 என்பது நம்மூரில் சொல்லும் ஆக்டேன் (தட்டலைப் பெட்ரோல் தாங்கும் அளவு) அல்ல, இரு முறைகளின் சராசரி. நம் கணக்கில் ஏறத்தாழ 95.

சூப்பர்சார்ஜருக்கும் இதே கதைதான். காற்றை அழுத்தினால் சூடேறும். எஸ்ஜேயில் அந்தச் சூட்டைக் கழிக்க எதுவும் இல்லை. 2015 டாட்ஜ் ஹெல்கேட் 707 குதிரைத்திறனுக்குத் தண்ணீர் வழி இன்டர்கூலர் வைத்தது. 2018 டாட்ஜ் டீமன் இன்னும் ஒரு படி மேலே போய், பயணிகளுக்கான ஏசியின் குளிரை எடுத்து இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்வித்தது. பந்தயப் பெட்ரோலில் 840 குதிரைத்திறன்.

மாலையில் இண்டியானாபொலிஸ் ஓடுதளம், 2.5 மைல், 1909இல் கட்டியது. 1964இல் பந்தயத்துக்கு முன்னோடிய கார் மஸ்டாங். 2025இல் 1,064 குதிரைத்திறன் கார்வெட் இசட்ஆர்1. இதற்கு மேல் இங்கே நம் பொருளுக்கு அதிகமில்லை.

ஐந்தாம் நாள்: பௌலிங் கிரீன், கென்டக்கி

ஐ-65இல் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் மத்திய நேரத்துக்கு மாறுகிறோம், கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வையுங்கள். 1981 முதல் எல்லாக் கார்வெட்டும் இந்த ஊரில்தான் பிறக்கிறது. ஆலைக்குள் போவதானால் புறப்படும் முன்பே முன்பதிவைப் பாருங்கள். தேசியக் கார்வெட் அருங்காட்சியகம் சாலைக்கு அந்தப் பக்கமே.

2014 பிப்ரவரி 12 அன்று இந்த அருங்காட்சியகக் கட்டடத்துக்குள்ளேயே தரை வாய்பிளந்து எட்டுக் கார்வெட்டுகளை விழுங்கியது. முதலில் தூக்கியெடுத்தது 2009 இசட்ஆர்1, நீல நிற முன்மாதிரி வண்டி. கண்ணாடி விரிசல், எண்ணெய்க் குழாய் சேதம். சாவி போட்டதும் இன்ஜின் ஓடியது, சொந்தச் சக்கரத்திலேயே நகர்ந்தது. அதைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். நசுங்கிப்போனவற்றையும் அப்படியே வைத்திருப்பது நல்ல முடிவு.

வரிசையாக நடந்தால் தெரியும் படிகள்: 1963இல் தனித்தனிப் பின்சக்கர சஸ்பென்ஷன், 1965இல் நான்கு டிஸ்க் பிரேக், 1986இல் ஏபிஎஸ், 1997இல் கியர்பாக்ஸைப் பின்னால் தள்ளி எடையைச் சமன்செய்தது, 2009இல் கார்பன் செராமிக் பிரேக், 2020இல் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால். நடுவில் 1975, அடிப்படை வண்டியில் 165 குதிரைத்திறன். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்த ஆண்டு. அந்த வண்டியைக் கேலி செய்பவர்கள் உண்டு. கார்புரேட்டரையும் பாயின்ட்டையும் தூக்கி எறியவைத்த நெருக்கடி அதுதான் என்பதால் எங்களுக்கு அதன்மீது மரியாதை அதிகம்.

எண்ணெயின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1997 கார்வெட்டின் எல்எஸ்1 நல்ல இன்ஜின். ஆனால் நீண்ட வேக வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் தேயும். ஓடுதளத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரு குவார்ட் கூடுதலாக ஊற்றுவார்கள். 2006 கார்வெட் இசட்06இன் 505 குதிரைத்திறன் எல்எஸ்7 தனி எண்ணெய்த் தொட்டியோடு வந்தது. அதற்கு இன்னொரு பலவீனம், வால்வு கைடு தேய்வது. பழைய இசட்06 வாங்குமுன் ஹெட்டைக் கழற்றி இடைவெளி அளந்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்தே விலை பேசுங்கள். தனித் தொட்டி வண்டியில் குளிர்ந்த நிலையில் எண்ணெய் அளவு பார்த்தால் தவறாகவே காட்டும். நன்றாகச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

2015 இசட்06: 650 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜர். வெயில் நாளில் ஓடுதளத்தில் சில சுற்றிலேயே சூடு எல்லை மீறி, கணினி திறனைக் குறைத்துக்கொண்டது. 2017இல் பானட்டின் காற்றுவழியைப் பெரிதாக்கினார்கள். 2023 இசட்06இல் சூப்பர்சார்ஜரே இல்லை, 5.5 லிட்டரில், இன்ஜின் நிமிடத்துக்கு 8,400 முறை சுழலும்போது 670 குதிரைத்திறன். 2025 இசட்ஆர்1 அதே அமைப்பில் இரட்டை டர்போ வைத்து 1,064. அதன் முன்புறம் நுழையும் காற்று இன்டர்கூலர் ரேடியேட்டரைத் தாண்டி பானட் வழியாக மேலே வெளியேறுகிறது. சூடான காற்று காருக்கு அடியில் தேங்காததால் முன்சக்கரம் தரையோடு அழுந்துகிறது. சூட்டைக் கழிக்கும் வழியே பிடிப்பையும் தருகிறது.

ஆறாம் நாள்: ஓடுதளம்

அருங்காட்சியகத்துக்கு எதிரே, ஐ-65க்கு அந்தப் பக்கம், 2014இல் திறந்த ஓடுதளம். முழுச் சுற்று மூன்று மைலுக்கு மேல். பொது ஓட்ட நாட்களில் சொந்தக் காரோடு வருகிறவர்களுக்கு:

பிரேக் ஆயிலை முந்தைய வாரம் மாற்றுங்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் தாங்கும். ஈரம் குடித்தபின் 155தான் உத்தரவாதம். பழைய ஆயில் கொதித்தால் குமிழியாகும், குமிழி அழுங்கும், பெடல் காற்றில் போகும். எவ்வளவு பெரிய டிஸ்க் இருந்தாலும் இதற்கு மருந்தாகாது.

1996க்குப் பிந்தைய வண்டியானால் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள துளையில் சிறு ஸ்கேனர் செருகி, உள்வரும் காற்றின் சூட்டையும் தட்டலைத் தடுக்கத் தள்ளிப்போட்ட ஸ்பார்க்கின் அளவையும் பதிவு செய்யுங்கள். சுற்று நேரம் கூடுவதற்கு முன்பே இந்த இரண்டு எண்ணும் ஏறத் தொடங்கும்.

டயர் காற்று குளிரில் இருந்ததைவிடச் சூட்டில் கூடும். முதல் ஓட்டம் முடிந்து உள்ளே வந்ததும், ஆறும் முன்பே அளந்து கூடியதை இறக்குங்கள். வீடு திரும்பும் முன் மறுபடி ஏற்றுங்கள்.

கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி, காற்று டிஸ்க்கைக் குளிர்விக்க விடுங்கள். நின்றதும் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம், சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள்.